600-க்கு 417: மகள் விமானி ஆக முடியுமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

கொப்பரைக் களம் வைத்திருக்கும் குடும்பம். ஒரே மகள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதால், நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கணிதம், கணினி அறிவியல் பிரிவில் சேர்த்தார்கள். 550-க்குக் குறையாது என்று பள்ளி சொன்னது, வீட்டில் அதை நம்பினார்கள். ரிசல்ட் வந்தபோது 417. தமிழ் 82, ஆங்கிலம் 76, கணிதம் 54, இயற்பியல் 61, வேதியியல் 63, கணினி அறிவியல் 81. இன்ஜினியரிங் கட்-ஆஃப் போட்டால் 200-க்கு 116.

ஏழாம் வகுப்பிலிருந்தே அந்தப் பெண் விமானி ஆகப்போவதாகச் சொல்லி வந்தவள். இப்போது? "மார்க் வந்த அன்னைக்கிருந்து பாப்பா அந்தப் பேச்சையே எடுக்கறதில்லைங்க. நாங்களா கேட்டா, 'அதெல்லாம் இனி எங்கப்பா ஆகும்'ங்கறா. களத்துக்கு வந்து எடைக் கணக்கு எழுதிக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போயிப் படுத்துக்கறா" என்று எழுதுகிறார் தந்தை.

சுற்றிலும் ஆளுக்கொரு யோசனை. 54 மார்க் வாங்கிய பிள்ளையிடம் யார் விமானத்தைக் கொடுப்பார்கள் என்கிறார் மைத்துனர். முதலில் ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படிக்கட்டும், அதுதான் விமானிக்கு வழி என்கிறார் சித்தப்பா. கோவையில் ஒரு ஏஜென்சிக்காரர், மார்க் ஒரு பிரச்சினையே இல்லை, வேண்டுமானால் வேறு போர்டில் 85 சதவீதம் வாங்கித் தருகிறோம், வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளியில் இடம், முடித்ததும் வேலை உறுதி, இந்த வாரத்துக்குள் ஐந்து லட்சம் கட்டுங்கள் என்கிறார். அப்பாரு காலத்துத் தோட்டம் மூன்று ஏக்கர் இருக்கிறது. விற்கலாமா, அடமானம் வைக்கலாமா என்ற கேள்வியும் கடிதத்தில் இருக்கிறது. மகளுக்கு மைனஸ் 2 கண்ணாடி. கடைசியாக ஒரு வரி: "பொம்பளப் புள்ளைக்கு இத்தனை பணத்தைக் கொட்டணுமான்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைங்க."

இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன், ஐயா. நான் பயணிகள் விமானங்களில் ஓய்வு பெறும் வரை பறந்தவன். இப்போது கோவையில் விமானி உரிமத் தேர்வுக்குப் பாடம் நடத்துகிறேன். ரிசல்ட் வரும் மாதத்தில் உங்களைப் போன்ற தந்தைகள், மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு என் வகுப்பறை வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாக.

சட்டம் கேட்பது தேர்ச்சியைத்தான்

இந்தியாவில் விமானி உரிமம் தருவது டி.ஜி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சி.பி.எல். வாங்க அவர்கள் கேட்கும் பள்ளிப்படிப்பு, இயற்பியலும் கணிதமும் எடுத்து 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி. அவ்வளவுதான். இத்தனை சதவீதம் வேண்டும் என்று உரிம விதியில் இல்லை. கட்-ஆஃப் இல்லை. தரவரிசைப் பட்டியலும் கிடையாது. உங்கள் மகள் 54-லும் 61-லும் அந்த வாசலைத் தாண்டிவிட்டாள். இந்த ஒரு செய்தியை இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் இதை நம்ப வைப்பது கஷ்டம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பள்ளிகளைச் சுற்றி முப்பது வருடமாக வளர்ந்த வழக்கம் அப்படி. மருத்துவம், இன்ஜினியரிங் இரண்டும் மதிப்பெண் வரிசையில் இடம் கொடுக்கும் படிப்புகள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு பெரிய வேலை என்றால் அதற்கும் பெரிய மதிப்பெண் வேண்டும் என்றே தோன்றும். உங்கள் மைத்துனர் தப்பான எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், அவருக்குத் தெரிந்த உலகம் அப்படி. விமானி உரிமம் கிடைக்கும் விதமே வேறு. 18 வயது ஆக வேண்டும், மருத்துவத் தகுதி வேண்டும், டி.ஜி.சி.ஏ. நடத்தும் எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200-இல் 100 மணி நேரம் நீங்களே விமானத்துக்குப் பொறுப்பாக இருந்து பறந்ததாக இருக்க வேண்டும். இத்தனையையும் முடித்தவருக்கு உரிமம் உண்டு. பக்கத்தில் இருப்பவரைவிட ஒரு மார்க் குறைந்தது என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

இயற்பியல், கணிதக் கட்டாயத்தையே தளர்த்தலாமா என்ற பேச்சு 2025-இல் எழுந்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு அது பெரிய செய்தி. இப்போதும் அப்படிப்பட்டவர்கள் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாக அந்த இரண்டு பாடங்களையும் முறையாக எழுதித் தேறி வருகிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த வேலை இல்லை.

மதிப்பெண்ணைப் பார்க்கும் இடங்கள்

மார்க்குக்கு மதிப்பே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். சில இடங்களில் பார்ப்பார்கள். உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. அங்கே ஆங்கிலம், கணிதம், இயற்பியலில் குறைந்தபட்ச சதவீதம் கேட்டு, அதற்கு மேல் நுழைவுத் தேர்வு, நேர்முகம் எல்லாம் வைத்து எடுப்பார்கள். விமான நிறுவனங்கள் தாமே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டங்களிலும் ஐம்பது, அறுபது சதவீதம் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் இது மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படியுங்கள். கணிதத்தில் 54 என்பதால் சில கதவுகள் மூடியிருக்கும், சில திறந்திருக்கும். உரிமம் வாங்கி வேலைக்குப் போகும்போதும் பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அங்கே ஆளை எடுப்பது அவர்களுடைய எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, விமானி அறையைப் போலவே அமைத்த சிமுலேட்டர் இயந்திரத்தில் சோதனை, நேர்காணல் ஆகியவற்றை வைத்துத்தான்.

எண்ணைவிட எனக்குக் கவலை தருவது, அந்த 54 எப்படி வந்தது என்பது. அதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பத்தாவதில் நன்றாக எழுதிய பிள்ளை, விடுதிக்குப் போய் இரண்டு வருடத்தில் இப்படிக் குறைகிறாள் என்றால் காரணம் இருக்கும். கணக்கைப் புரியாமலே மனப்பாடம் செய்து, பரீட்சையில் எண் மாறி வந்ததும் திகைத்துப் போனாளா? அங்கே தூக்கமும் சாப்பாடும் சரியாக இல்லையா? வீட்டு நினைப்பா? பயமா? மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவளைப் பேசச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் 35 எடுத்தால் பாஸ். டி.ஜி.சி.ஏ. தேர்வில் 70 எடுத்தால்தான் பாஸ், 69 என்றால் ஃபெயில். பாதை கணிக்கும் நேவிகேஷன், மெட்டியராலஜி என்கிற வானிலையியல், விமான விதிகளைப் பற்றிய ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் என்று தாள்கள். இவை போக, ரேடியோவில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். உரிமம் தனி. உரிமம் வாங்கியதோடும் தேர்வு முடிவதில்லை. விமான நிறுவனத்தில் சேர்ந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சிமுலேட்டரில் உட்கார வைத்து, இன்ஜினில் தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று செய்து காட்டச் சொல்வார்கள். ஓய்வு பெறும் வரை இது உண்டு. பரீட்சை என்றாலே நடுங்குகிற பிள்ளைக்கு இந்த வாழ்க்கை கஷ்டம். பரீட்சையைக் கண்டு பயமில்லை, கற்றுக்கொடுத்த முறைதான் சரியில்லை என்றால் அது சரிசெய்யக் கூடியது.

விமானிக்கு வேண்டிய கணக்கு எப்படிப்பட்டது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். கிளம்பி 60 நாட்டிகல் மைல் வந்தாயிற்று, போக வேண்டிய பாதையிலிருந்து 4 மைல் விலகியிருக்கிறோம். அப்படியென்றால் 4 டிகிரி தவறிப் பறந்திருக்கிறோம். அறுபதுக்கு ஒன்று என்று இதைச் சொல்வோம். இன்னொன்று: 30,000 அடி கீழே இறங்க வேண்டும் என்றால், ஆயிரங்களை மூன்றால் பெருக்கு, 90 நாட்டிகல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்கு. நிமிடத்துக்கு எத்தனை அடி வீதம் இறங்குவது? தரைவேகம் 300 நாட், அதாவது மணிக்கு 300 நாட்டிகல் மைல் என்றால் ஐந்தால் பெருக்கு, 1,500 அடி. தொகையீடும் கலப்பெண்ணும் இதில் இல்லை. பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்க, ரேடியோ ஒலித்துக்கொண்டிருக்க, பதறாமல் மனதுக்குள் போடும் கணக்கு இது. களத்தில் கொப்பரையின் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று பார்த்து, எடையைப் போட்டு, விலை சொல்கிறீர்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. உங்கள் மகள் அந்தக் கணக்கை எழுதுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கால்குலேட்டர் இல்லாமல் போடுகிறாளா, தப்பு வந்தால் தானே கண்டுபிடிக்கிறாளா என்று கவனியுங்கள். அந்தக் கவனிப்பில் உங்களுக்குத் தெரிய வருவது மதிப்பெண் பட்டியலில் இருக்காது.

இயற்பியலும் அப்படித்தான். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அந்தக் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் மூக்கை எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்பினால் நேராகப் போகலாம்? அவள் பதினொன்றாம் வகுப்பில் படித்த வெக்டர் முக்கோணம்தான் இது. அன்றைக்கு வரைபடமாக மனப்பாடம் செய்திருப்பாள். காற்றாலையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்கிறதா என்று.

ஆங்கிலத்தில் 76 என்பது எழுத்தில். ரேடியோவில் சரளமாகப் பேச வேண்டும். ஆங்கிலப் பேச்சுத் திறனுக்குச் சர்வதேச அளவில் நிலைகள் வைத்திருக்கிறார்கள். நான்காம் நிலையாவது வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது கணக்கில் அல்ல, இதில். இன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் வாய்விட்டு ஆங்கிலம் படிக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத பயிற்சி.

அந்த 85 சதவீதத்தைத் தொடவே தொடாதீர்கள்

கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் இது. படிக்காத தேர்வுக்கு, எழுதாத தாளுக்கு மதிப்பெண் பட்டியல் வாங்கித் தருகிறேன் என்பவர் உங்கள் மகளை ஒரு குற்றத்துக்குள் இழுக்கிறார். டி.ஜி.சி.ஏ. உங்கள் சான்றிதழை அந்தந்த தேர்வு வாரியத்திடமே சரிபார்க்கக் கேட்கும். பொய் என்று தெரிந்தால் உரிமம் போகும், போலி ஆவண வழக்கும் வரும். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் கைதானார்கள். வேலையில் இருந்துகொண்டிருந்தபோதே கைதானார்கள். உங்கள் மகள் முறையாக வாங்கிய 417 இந்த உரிமத்துக்குப் போதும் என்னும்போது, அதை மறைத்து ஒரு போலியை வைப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

வேலை உறுதி என்பதையும் நம்பாதீர்கள். சி.பி.எல். கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், வேலைக்குக் காத்திருக்கிறார்கள். 2023-இல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது உண்மைதான். ஆனால் அவை பல வருடங்களில் வந்து சேர்பவை. ஜெட் ஏர்வேஸ் 2019-இல் நின்றது, 2020-இல் கொரோனாவில் எல்லாமே நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023-இல் நின்றது. ஒவ்வொரு முறையும் புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளைகள்தான் வரிசையில் கடைசிக்குப் போனார்கள். கொப்பரை விலை ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர் நீங்கள், இதைப் புரிந்துகொள்வது உங்களுக்குக் கஷ்டமில்லை.

வெளிநாட்டில் பயிற்சி எடுப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே வாங்கும் உரிமத்தை இங்கே மாற்ற, மறுபடி டி.ஜி.சி.ஏ. தேர்வும் இங்கே பறந்து காட்டும் சோதனையும் உண்டு. ஏஜென்சிகள் இதைப் பெரும்பாலும் பேச்சோடு பேச்சாகத் தாண்டிவிடுவார்கள். ஆக, இந்த வாரம் ஐந்து லட்சம் கட்டாதீர்கள். அடுத்த வாரமும் வேண்டாம். நல்ல பள்ளி எதுவும் ஏழு நாளில் ஓடிவிடாது.

பணத்துக்கு முன்னால் மெடிக்கல்

மருத்துவத் தகுதியைப் பார்க்காமல் எந்தப் பள்ளிக்கும் பணம் கட்டக் கூடாது. பயிற்சிக்குப் பாதிப் பணம் கட்டிய பிறகு, உடலில் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளின் அமைதியை என்னால் மறக்க முடியவில்லை.

முதலில், பயிற்சி தொடங்குவதற்கான கிளாஸ் 2 மெடிக்கல். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது, அதிலிருந்துதான் போக வேண்டும். அதன் பிறகு, சி.பி.எல்.லுக்கு வேண்டிய கிளாஸ் 1. விமானப்படை மருத்துவ மையங்கள் சிலவற்றிலும், அங்கீகாரம் பெற்ற சில மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பெங்களூரு அல்லது சென்னை போவார்கள். கண், காது, இதயம், ரத்தம், எக்ஸ்-ரே எல்லாம் பார்ப்பார்கள். பயணிகள் விமான உரிமத்துக்குக் கண்ணாடி தடை இல்லை. கண்ணாடி போட்டால் பார்வை தெளிவாக இருக்கிறதா, நிறங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்பதுதான் கேள்வி. மைனஸ் 2 என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று அவசரப்பட்டு லேசர் சிகிச்சை செய்துவிடாதீர்கள். செய்தால் அதற்கென்று தனி விதியும் காத்திருக்கும் காலமும் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ரத்தச்சோகை இருந்தால் தற்காலிகத் தகுதியின்மை என்று நிறுத்தி வைப்பார்கள். விடுதியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, இப்போது சரியாகச் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள் என்றால் அதை முதலில் பாருங்கள். உள்ளூர் லேபில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சரிசெய்யக் கூடியதுதான்.

விமானப்படை வழியை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விமானப்படைத் தளம் உள்ள சூலூர் பக்கத்தில் இருப்பதால் யாராவது சொல்லுவார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2021 முதல் பெண்களும் என்.டி.ஏ. எனப்படும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் தேர்வு எழுதுகிறார்கள், பயிற்சிக்குச் செலவும் இல்லை. ஆனால் அங்கே விமானிக்கான கண் பார்வை விதி மிகக் கடுமை. மைனஸ் 2 உள்ள பிள்ளைக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டாம்.

தோட்டம்

இப்போது பணம். இந்தியாவில் சி.பி.எல். முடிக்க இன்றைக்கு 50 லட்சத்திலிருந்து 70 லட்சம் வரை ஆகிறது. அப்புறம் ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங், அதற்கு 15 லட்சத்துக்கு மேல். விமான நிறுவனங்களின் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தொடும். உறவினர்கள் மதிப்பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் வீட்டில் உண்மையான தடை இதுதான்.

கல்விக் கடன் கிடைக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். 50 லட்சம் வாங்கி, 11 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் கட்டுவதாக வையுங்கள். மாதத் தவணை சுமார் 69,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும். வேலை கிடைக்க ஒன்றரை வருடம் தாமதமானால் அத்தனை மாதமும் அந்தத் தவணையைக் களத்து வருமானத்திலிருந்து கட்ட முடியுமா? முடியும் என்றால் அடமானத்தை யோசியுங்கள். முடியாது என்றால், தோட்டத்தை வைத்துத் தொடங்காதீர்கள். விற்பதைப் பற்றி இப்போதைக்குப் பேச்சே வேண்டாம். நிலத்தை விற்றுப் படிக்க அனுப்பினால், ஒவ்வொரு முறை விமானத்தில் ஏறும்போதும் அந்த மூன்று ஏக்கரும் அவள் தோளில் இருக்கும். அந்தப் பாரத்தோடு 18 வயதுப் பெண்ணால் நன்றாகக் கற்றுக்கொள்ள முடியாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பெண் பிள்ளைக்கா என்று கேட்பவர்களுக்கான பதிலையும் சொல்கிறேன். விமானிகளில் பெண்களின் பங்கு இந்தியாவில் உலகச் சராசரியைவிட மிக அதிகம், நூறில் பதினைந்து பேர் என்று அரசே சொல்கிறது. ஒரே விமானம், ஒரே உரிமம், அதே சோதனை. இந்தச் செலவு சரியா தப்பா என்று கேட்பது நியாயம். பையனாக இருந்தாலும் அதே கேள்வியை நான் கேட்டிருப்பேன். பெண் என்பதற்காக மட்டும் கேட்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்படவில்லை.

இந்த ஒரு வருடம்

ஒரு வருடத்தை வீட்டில் உட்கார்ந்து மறுபடி பிளஸ் டூ படிப்பதில் செலவிட வேண்டாம். உரிமத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங், விமானத்தை வடிவமைப்பவர்களுக்கான படிப்பு. நல்ல படிப்பு, ஆனால் விமானி ஆக அது தேவையும் இல்லை, அதைப் படித்ததால் பறக்கும் மணி நேரம் குறையப்போவதும் இல்லை. கணிதம் 54-இல் நிற்கும்போது நாலு வருட இன்ஜினியரிங் கணக்கை அவள் மேல் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் சொல்வது இது. பக்கத்துக் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த ஒரு பட்டப்படிப்பில் சேருங்கள். கணினி அறிவியலில் 81 வாங்கியிருக்கிறாளே, அதுவே ஆகலாம். வேலைக்குக் காத்திருக்கும் காலத்திலும், உடல்நிலையால் உரிமம் நின்றுபோகும் காலத்திலும் பட்டம் கைகொடுக்கும். கிளாஸ் 1 மெடிக்கல் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது என்பதால் இந்தப் பேச்சை எடுக்கிறேன். கல்லூரியோடு, மெடிக்கலை முடித்து டி.ஜி.சி.ஏ.வில் தேர்வு எழுதுவதற்கான பதிவு எண்ணை, அதாவது கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி, மெட்டியராலஜியும் ரெகுலேஷன்ஸும் எழுதட்டும். பயிற்சிப் பள்ளியில் சேராமலே இந்தத் தாள்களை எழுதலாம். பிறகு நேவிகேஷன். நானே பாடம் நடத்துபவன் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: இதற்கு என்னிடமோ வேறு யாரிடமோ வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டு தாள்களைப் புத்தகம் வாங்கித் தானே படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். நேவிகேஷனில் மட்டும் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது.

அந்த மூன்று தாள்களிலும் 70 தாண்டிவிட்டாள் என்றால், பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பற்றி இனி யாரும், அவளும்கூட, பேச வேண்டியதில்லை. தாண்ட முடியவில்லை என்றால் சில ஆயிரங்களோடு உண்மை தெரிந்துவிடும். தோட்டம் தோட்டமாகவே இருக்கும், பட்டப்படிப்பும் பாதி முடிந்திருக்கும். வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இருபத்தொரு வயதில் பறக்கத் தொடங்கினாலும் பயணிகள் விமானத்தில் 65 வரை வேலை செய்யலாம்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, டி.ஜி.சி.ஏ. பட்டியலில் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2025 அக்டோபரிலிருந்து பயிற்சி நிறுவனங்களுக்குத் தரவரிசையும் வெளியிடுகிறார்கள், அதையும் பாருங்கள். அப்புறம் நேரில் போங்கள். சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலேயே இப்போது பயிற்சிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். எங்கே போனாலும் கேட்க வேண்டியவை: பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள்? ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள்? போன வருடம் எத்தனை பேர் 200 மணி நேரத்தை முடித்தார்கள், அதற்கு எத்தனை மாதம் ஆயிற்று? இந்தக் கேள்விகளை அலுவலகத்தில் கேளுங்கள், பிறகு வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒன்றாக இருந்தால் நல்ல பள்ளி. பணத்தைக் கட்டம் கட்டமாக, வங்கி வழியாக, ரசீதோடு மட்டும் கட்டுங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த வாரத்து வேலை சிறியது. அந்த ஏஜென்சிக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். கிளாஸ் 2 மருத்துவரிடம் நாள் வாங்கியதும், மகளின் கண்ணாடிச் சீட்டையும், சின்ன வயதில் ஏதாவது ஆபரேஷன், வலிப்பு, ஆஸ்துமா இருந்திருந்தால் அந்தக் காகிதங்களையும் மறைக்காமல் எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் அவளையே பேச விடுங்கள்.